மி-ஓக்கின் இடத்தில்

நெடுக இரண்டாகப் பிளந்த கோஸின் இலைகளை ஒவ்வொன்றாக விலக்கி, அடித்தண்டில் கல்லுப்பைத் தூவும் வேலையை லோனேவிடம் கொடுத்திருந்தார்கள். வருஷா வருஷம் கிம்ச்சி ஊறுகாய் போடும்போது அவளுக்கு இதே வேலைதான். மிளகாய்த்தூளும் பூண்டும் ஊறவைத்த நெத்திலியும் சேர்த்து மசாலா பிசைகிற இடத்தில் அவளை இன்னும் யாரும் நம்பி உட்காரவைக்கவில்லை. பக்கத்து வீட்டு தொக்-ரே, குத்துக்காலிட்டு முள்ளங்கி சீவிக்கொண்டே ஓரக்கண்ணால் அவள் கையைப் பார்த்தாள்.

"இலைய எண்ணி எண்ணித் தூவறியே, பஸ்ஸுல டிக்கெட்டா குடுக்கறே? அள்ளிப் போடு. இந்த வேகத்துல போனா பங்குனி வரைக்கும் நாங்க இங்கதான் உக்காந்திருக்கணும்."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். லோனேவும் சிரித்தாள். அவள் டென்மார்க்கில் ஸ்கீவே என்ற சிறிய ஊரில் பஸ் ஓட்டுகிறவள். அந்த விஷயம் கொரியாவில் பொல்க்யோ ஊரின் இந்தத் தெருவுக்கே தெரியும். வேலியோரக் குழாயடியில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு நின்ற அம்மா சுன்-இம் திரும்பி, "அவளச் சொல்லாத. மூணு பிளேன் மாறி வந்திருக்கா, உன்ன மாதிரி வேலி தாண்டியா வந்தா?" என்றார். பெருமையும் கண்டிப்பும் சம அளவில் கலந்த குரல். ஊரார் முன்னால் மகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்கு அந்தக் குரல் வரும்.

லோனே குனிந்து உப்பை அள்ளினாள். சொல்ல வேண்டியதை நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இளம் வயதில் சுன்-இம்முக்கு மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், மி-ஓக் என்று பெயர். கணவன் கடலில் செத்துப்போனபிறகு, பிழைப்புக்காகப் பூசான் நகரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தார் சுன்-இம். கைக்குழந்தையாக இருந்த மகன் தே-சிக்கைத் தன்னோடு வைத்துக்கொண்டு, பெண்ணை நாத்தனாரிடம் விட்டுப்போனார். தை மாதப் பண்டிகைக்கு ஊர் வந்தபோது பெண் இல்லை. நல்ல இடத்துக்குப் போயிருக்கிறாள், வெளிநாட்டில் ராணி மாதிரி வளர்வாள் என்றாள் நாத்தனார். அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு சொல்லையும் பிடுங்க முடியவில்லை. அவள் செத்தும் போனாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தத்துக் கொடுத்த நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. மி-ஓக் என்ற பெயரில் அனுப்பப்பட்ட குழந்தை டென்மார்க்கில் லோனே என்ற பெயரில் இருக்கிறது, தாயைப் பார்க்க விரும்புகிறது என்று.

அப்படித்தான் லோனே நாற்பது வயதில் இந்த வீட்டுக்கு மகளாக வந்தாள். வந்த அன்றைக்கே தெருப் பெண்கள் அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, நெற்றி அப்படியே அம்மா, கணுக்கால் அப்படியே அப்பா என்று ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். ஸ்கீவேயில் அவள் நெற்றியைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. அங்கே அவள் யாரைப் போலவும் இல்லாதவள். பஸ்ஸில் ஏறும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணை இழுத்துக் காட்டியதையும், வெளியூர்க்காரர்கள் அவளிடம் ஆங்கிலத்தில் டிக்கெட் கேட்டதையும் அவள் பழகிப் பழகி மரத்துப்போயிருந்தாள். இங்கே வந்த இரண்டாம் நாள், கடல் வற்றிய நேரத்தில் சிப்பி பொறுக்கும் சேற்றோரமாக சுன்-இம்மோடு நடந்தபோது, அந்தச் சேற்றின் வாசனை அவளை அப்படியே நிறுத்தியது. எனக்கு இது ஞாபகம் இருக்கிறது, இந்த வாசனை எனக்குத் தெரியும் என்று தெரிந்த நாலு கொரியச் சொற்களில் சொல்லி அழுதாள். சுன்-இம் அவள் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு இருவருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

போன கோடையில் தே-சிக் முதல் தடவையாக டென்மார்க் வந்தான். கப்பல் பட்டறையில் வெல்டிங் மேஸ்திரி அவன். லோனேவை வளர்த்த தாய் கேர்டாவின் வீட்டில், ஊறவைத்த மீனும் கருப்பு ரொட்டியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். லோனேவைப் போலத் தத்து வந்தவர்களின் சங்கத்தில் மரபணுப் பரிசோதனைக் குப்பிகள் கொடுத்திருந்தார்கள். விளையாட்டுக்காக அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு குப்பியில் எச்சில் துப்பினார்கள். "சாப்பிடற மேஜையில துப்பற குடும்பத்துலதான் நீ பொறந்திருக்கே" என்றார் கேர்டா. சொல்லிவிட்டு அவரே குப்பிகளை மூடி உறையில் போட்டு ஒட்டினார்.

செப்டம்பரில் முடிவு வந்தது. இருவருக்கும் எந்த உறவும் இல்லை. தவறு நடந்திருக்கும் என்று வேறொரு இடத்தில் இன்னொரு முறை பார்த்தார்கள். அங்கும் அதேதான்.

லோனே அதை முதலில் கேர்டாவிடம்தான் சொன்னாள். கேர்டா மேஜை விரிப்பை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, "அப்ப நான் பின்னி அனுப்பின கம்பளிச் சட்டையெல்லாம் யாரோ ஒரு அம்மாவுக்கா போச்சு" என்றார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். ஆனால் அன்று மாலை அவர் லோனேவை வீட்டுக்கு அனுப்பவில்லை. அவள் சிறுவயதில் படுத்த அறையில் படுக்கை விரித்துவைத்தார்.

தே-சிக் தொலைபேசியில் கூப்பிட்டான். எடுத்ததும் சொன்னான்.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் அக்கா. எப்பவும் போல நவம்பருக்கு வந்துடு."

"அப்ப மி-ஓக்?"

"ஏஜென்சிக்காரன் ஏன் இன்னொரு குழந்தைய அவ பேர்ல அனுப்பினான்? யோசிச்சுப் பாரு. போக வேண்டிய குழந்தை போற நிலையில இல்லாமப் போயிருக்கும். காய்ச்சலோ என்னவோ. செத்துப் போனவள அம்மா எதுக்கு இப்பத் தேடணும்? இந்த ஒம்போது வருஷமாத்தான் அவங்க நிம்மதியாத் தூங்கறாங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றைக்கு லோனேவும் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு பஸ் ஓட்டும்போதெல்லாம் ஒரு பெண் அவள் மனதுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கும் லோனேவின் வயதுதான். சாகாமல் இருந்தால் எங்கேயோ இருப்பாள். ஸ்வீடனிலோ, அமெரிக்காவிலோ, ஏன், இதே கொரியாவில் வேறு பெயரிலோ. தன்னை யாரும் தேடவில்லை என்றே நினைத்துக்கொண்டு இருப்பாள். அப்படி நினைத்துக்கொண்டு நாற்பது வருஷம் இருப்பது எப்படி இருக்கும் என்று லோனேவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுன்-இம்மின் மரபணு காவல் நிலையப் பதிவில் சேர்ந்தால் ஒழிய அவளைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. தாய்க்கோ எழுபத்துமூன்று வயது. வாயை மூடிக்கொண்டு ஒவ்வொரு நவம்பரும் வந்து கோஸுக்கு உப்புத் தூவலாம். ஆனால் அது இன்னொருத்தியின் இடத்தில், தெரிந்தே, சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பது. தெரியாமல் உட்கார்ந்தது வேறு.

மற்றவர்கள் பேசினால் பெரும்பாலும் விளங்கிவிடும், ஆனால் லோனே பேசும் கொரிய மொழி சின்ன மொழி. சாப்பாடு, மழை, முழங்கால் வலி, பஸ், நாளைக்கு, போன வருஷம், இவ்வளவுதான் அதில் சொல்ல முடியும். மரியாதைச் சொற்களை மட்டும் புத்தகத்தில் ஒழுங்காகப் படித்திருந்ததால், "என்கிட்ட ஏன் ஆபீசர்கிட்ட பேசற மாதிரி பேசறே?" என்று சுன்-இம் கேலி செய்வார். இந்த விஷயத்தைச் சொல்ல அந்த மொழி போதாது. ஆர்ஹுஸ் நகரில் படிக்கும் ஒரு கொரிய மாணவியைப் பிடித்து, நாலே நாலு வாக்கியங்களை எழுதி வாங்கி, பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் ஆள் இல்லாத நேரங்களில் உரக்கச் சொல்லிப் பழகினாள். மாணவி முதலிலேயே கேட்டாள், "நீங்க அழுதுட்டீங்கன்னா மீதி வாக்கியம் வராது. சின்னதாக்கித் தரவா?" என்று. இன்னும் சின்னதாக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் உப்பில் ஊறிய கோஸ்களை அலச உட்கார்ந்தார்கள். தெருப் பெண்கள் இன்னும் வரவில்லை. தே-சிக் வண்டியிலிருந்து பிளாஸ்டிக் டப்பாக்களை இறக்கிக்கொண்டிருந்தான். விறைத்து நின்ற கோஸ்கள் இரவோடு இரவாகத் துவண்டு, துணி மாதிரி வளைந்தன. சுன்-இம் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று தலையசைத்தார். லோனே கையுறையைக் கழற்றினாள்.

"அம்மா, மரபணுப் பரிசோதனை செய்தோம், தே-சிக்கும் நானும். இரண்டு முறை. நான் மி-ஓக் இல்லை."

சுன்-இம் கோஸைத் தண்ணீரில் ஆட்டுவதை நிறுத்தவில்லை. மூன்று வாக்கியமும் தவறில்லாமல் வந்துவிட்டது, நாலாவதுதான் மிச்சம். "நான் உங்கள் மகள் இல்லை" என்பது அது. லோனேவால் அதைச் சொல்ல முடியவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. சுன்-இம் கையிலிருந்த கோஸைப் பிழிந்து, வடிகட்டும் கூடையில் குப்புற வைத்து, அடுத்ததை எடுத்தார். அதையும் பிழிந்து வைத்தார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அப்ப அவ எங்க?"

இவ்வளவு நாளும் லோனே எத்தனையோ கேள்விகளை எதிர்பார்த்திருந்தாள். நீ யார், ஏன் பொய் சொன்னாய், இனி வருவாயா என்றெல்லாம். இந்தக் கேள்வி அவள் பட்டியலில் இல்லை. ஒரு நொடிக்குள் தான் அந்த வீட்டின் வாசலுக்கு வெளியே நிற்பதுபோல அவளுக்கு இருந்தது. ஒரு தாய் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்றும், அதே நொடியில், தெரிந்தது.

"தெரியாது" என்றாள். "தேட, உங்கள்... உங்கள் வாயிலிருந்து எடுக்க வேண்டும். போலீசில்."

டப்பாக்களைப் போட்டுவிட்டு தே-சிக் ஓடிவந்தான். அவன் லோனேவிடம் கத்தவில்லை. தாழ்ந்த குரலில், "நாம பேசி வச்சது என்ன? என் அம்மாவக் கொல்லப் பாக்கறியா?" என்றான். ஒன்பது வருஷமாக அவளிடம் 'நம்ம அம்மா' என்று சொல்லிவந்தவன். அக்கா என்ற சொல்லும் அந்தப் பேச்சில் இல்லை. லோனே இரண்டையும் கவனித்தாள்.

"நீயும் தெரிஞ்சு வச்சிருந்தியா?" என்றார் சுன்-இம் மகனிடம். "வண்டிய எடு."

"எங்கம்மா?"

"போலீஸுக்குத்தான். வேற எங்க."

"இன்னைக்கேவா? கிம்ச்சி வேலை கிடக்கே. எல்லாரும் வந்துடுவாங்க."

சுன்-இம் எழுந்து, கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் முதல் தடவையாக லோனேவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமோ அன்போ எதுவும் இல்லை. அளவெடுக்கிற பார்வை. நெற்றியைப் பார்த்தார். கணுக்காலையும் பார்த்திருப்பார்.

"நீ இரு. உப்பு ஏறின கோஸ அப்படியே விட முடியாது. அவங்க வந்தா மசாலாவ ஆரம்பிக்கச் சொல்லு. நெத்திலிச் சாறு பத்தலேன்னா உள்ளே ஜாடியில இருக்கு."

வண்டி தெரு முனையில் திரும்பியது. லோனே மீதிக் கோஸ்களை அலசினாள். நவம்பர்த் தண்ணீரில் விரல்கள் சிவந்து மரத்தன. கையுறையை மாட்டிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. பெண்கள் வந்தார்கள். உங்க அம்மா எங்கே என்று தொக்-ரே கேட்டபோது, "ஒரு வேலையாய் வெளியே போனார்கள், வருவார்கள்" என்று ஆபீசர் கொரியத்தில் சொன்னாள். அதுவும் பொய்யில்லை. இத்தனை வருஷம் யாரும் உட்காரவிடாத மசாலா அண்டாவின் முன்னால், ஆள் குறைகிறது என்பதால், அன்றைக்கு அவளை உட்காரவைத்தார்கள். "இலைக்கு இலை பூசு. வெளி இலையால எல்லாத்தையும் சுத்திக் கட்டு. ஆங், அப்படித்தான். கை அப்படியே உங்கம்மா கை" என்றாள் தொக்-ரே. மிளகாய்க் காரத்தில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் லோனேவை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

நடுவில் கை கழுவும் சாக்கில் உள்ளே போய் கேர்டாவுக்குப் போன் செய்தாள். அங்கே இன்னும் விடிந்திருக்காது. கேர்டா முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அவங்க ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"இல்ல."

"நீ?"

"இல்ல."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க" என்றார் கேர்டா. அப்புறம், "இங்க நேத்து நல்ல காத்து. உன் சைக்கிள் ஷெட்டுக் கூரை ஒரு பக்கம் தூக்கிடுச்சு. நான் ஆள் வச்சுப் பாத்துக்கறேன். நீ அவசரப்பட்டுக் கிளம்பி வராதே" என்றார்.

மதியம் தாண்டி வண்டி திரும்பியது. சுன்-இம் யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேராக வந்து அண்டாவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கோஸை இழுத்துக்கொண்டார். வேலை முடிந்து, பன்றி இறைச்சி வேகவைத்துப் பெண்களுக்குச் சாப்பாடு போட்டு, ஆளுக்கொரு டப்பா கொடுத்து அனுப்பும்வரை வழக்கம்போல இருந்தார். குரல் மட்டும் வழக்கத்தைவிட ஒரு படி உரக்க இருந்தது. எல்லோரும் போனபின் வீடு சட்டென்று காலியானது. தே-சிக் அண்டாக்களைக் கழுவப் போய்விட்டான், அல்லது கழுவுவதாகத் தண்ணீரைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றான்.

"சேத்து வாசனை ஞாபகம் இருக்குன்னு அழுதியே" என்றார் சுன்-இம். "அது பொய்யா?"

லோனே யோசித்தாள். அந்தக் கேள்வியைச் செப்டம்பரிலிருந்து அவளே தன்னிடம் கேட்டுவந்திருந்தாள். கேர்டாவின் வீட்டுக்குக் கீழே லிம்ஃபியோர்ட் கடற்கழியின் கரையில் நீர் விலகும் இடத்தில் முழங்கால் வரை புதைந்து விளையாடியிருக்கிறாள். அங்கேயும் சேறு கருப்பாகத்தான் இருக்கும், அழுகிய பாசியும் உப்புமாக மணக்கும்.

"பொய் இல்லை, அம்மா. எங்கள் ஊரிலும் சேறு இருக்கிறது. அதுதான் போல."

அம்மா என்று சொல்லிவிட்ட பிறகுதான் அதைக் கவனித்தாள். வேறெப்படிக் கூப்பிடுவது என்று அவள் மொழியில் சொல் இல்லை.

சுன்-இம் தரையில் சிந்தியிருந்த மிளகாய்த்தூளை விரல் நுனியால் ஒற்றி எடுத்தார். "ஒம்போது வருஷம்" என்றார். "உன்னப் பாத்துக்கிட்டு அவளத் தேடாம இருந்துட்டேன்."

"மன்னித்துக்கொள்ளுங்கள்."

"நீ என்ன பண்ணுவே. உன்னையும் ஒருத்தன் யார் பேரையோ ஒட்டித்தான பிளேன்ல ஏத்தியிருக்கான்." அவர் அதைத் தனக்கே புரியவைக்கிறவர்போல மெல்லச் சொன்னார். "நீ சொல்லாம இருந்திருக்கலாம். நானா கேக்கப்போறேன்? சொன்னே. கோவமாத்தான் இருக்கு. ஏன்னு கேக்காதே, எனக்கே தெரியல. இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கும்."

"சரி."

"போலீஸ்ல ஒரு பொண்ணு இருந்தா. நல்ல பொண்ணு. எம் வாய்ல பஞ்சால சுரண்டி எடுத்துக்கிட்டா. மாசக்கணக்குல ஆகுமாம். அப்புறம் நான் அவகிட்ட உன்னப் பத்திக் கேட்டேன். உன்னோடதையும் குடுக்கலாமாம். உன்னப் பெத்தவளும் எங்கயாவது வந்து சுரண்டிக் குடுத்திருந்தான்னா ரெண்டும் பொருந்திக்குமாம்." அவர் எழுந்துகொண்டார். முழங்கால் சொடுக்கியது. "நாளைக்குக் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன். எட்டு மணிக்குக் கிளம்பணும். இப்ப சாப்பிடு. எனக்கும் போடு."

மறுநாள் தே-சிக் அவர்களைக் காவல் நிலைய வாசலில் இறக்கிவிட்டான். இறங்கும்போது, "குளிருது, கோட்டு ஜிப்ப மேல வரைக்கும் இழுத்து விட்டுக்க அக்கா" என்றான். பழக்கத்தில் வந்ததா, தெரிந்தே சொன்னானா என்று அவன் முகத்தில் எதுவும் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான்.

உள்ளே அதே பெண் அதிகாரி இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சுன்-இம்மை அடையாளம் கண்டு எழுந்து வணங்கினாள். லோனேவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, பெயர், ஊர், அனுப்பப்பட்ட வருஷம் எல்லாம் கேட்டாள். லோனேவுக்கு விளங்காத இடங்களில் சுன்-இம் அதே கேள்வியைச் சின்னச் சொற்களாக உடைத்துத் திரும்பக் கேட்டார். இருவரும் அப்படிப் பேசிக்கொள்வதை அதிகாரி கொஞ்சநேரம் பார்த்தாள்.

"பாட்டிம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. கூட வந்தவங்கன்னு போடணும். நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

சுன்-இம் பதில் சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். லோனேவைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி காத்திருந்தாள். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

"மொதல்ல அத எடுத்துடுங்க" என்றார் சுன்-இம் கடைசியில். "அவ காலையிலேர்ந்து பயந்துக்கிட்டிருக்கா."

அதிகாரி உறையைக் கிழித்து நீளமான பஞ்சுக் குச்சியை வெளியே எடுத்தாள். லோனே கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டாள். வாயைத் திறக்கச் சொன்னாள் அதிகாரி. லோனே திறந்தாள். குச்சி கன்னத்தின் உட்புறத்தில் பட்டு மேலும் கீழுமாக உரச, கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கவாட்டில் திருப்பினாள். அங்கே சுன்-இம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, தன்னை அறியாமல், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்களைப் போலத் தன் வாயையும் மெல்லத் திறந்துகொண்டிருந்தார்.